ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்: ஜலோலொவின் ஆறு ஆண்டுகள்

2021 ஆகஸ்ட் 1. டோக்கியோ ஒலிம்பிக் குத்துச்சண்டை, எடையில் உச்சப் பிரிவான சூப்பர் ஹெவிவெயிட்டின் காலிறுதி. இந்திய ராணுவ வீரர் சதீஷ் குமார் முகத்தில் 13 தையல்களோடு ரிங்கில் ஏறினார். அதற்கு முந்தைய சண்டையில் ஜமைக்காவின் ரிக்கார்டோ பிரவுனை வென்றபோது கிழிந்த காயங்கள் அவை. ஒலிம்பிக்கில் இந்த எடைப் பிரிவுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர். எதிரே நின்றவரோ இரண்டு மீட்டர் உயரம், இடக்கை ஆட்டக்காரர், நம் கை எட்டாத தூரத்தில் நின்றபடியே குத்துகிறவர். மூன்று சுற்றும் முடிந்தபோது ஐந்து நடுவர்களும் அவருக்கே வெற்றி கொடுத்திருந்தார்கள். சதீஷ் கடைசி மணி வரை நின்றார்.

அன்று நாமெல்லாம் சதீஷைப் பற்றியே பேசினோம். பேசியது சரிதான், அந்தத் துணிச்சலுக்கு எவ்வளவு பேசினாலும் தகும். ஆனால் எனக்கு அந்த எதிராளியும் மனதில் தங்கிவிட்டார். உஸ்பெகிஸ்தானின் பகோதிர் ஜலோலொவ். அவருடைய தொழில்முறைச் சண்டைகளை அன்றிலிருந்து தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். பார்க்கப் பார்க்க ஒரு கேள்விதான் பெரிதாகிக்கொண்டே போனது: இவ்வளவு திறமை உள்ளவர் ஏன் நின்ற இடத்திலேயே நிற்கிறார்?

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு வந்தபோது அவருடைய கணக்கு இப்படி இருந்தது. தொழில்முறையில் 14 சண்டை, பதினான்கிலும் வெற்றி, பதினான்கும் நாக்அவுட். ஒலிம்பிக் தங்கம் ஒன்று, இன்னொன்றும் கைக்கெட்டும் தூரத்தில். உலக அமெச்சூர் சாம்பியன் பட்டம் இரண்டு. வயது 30. ஆனால் அந்த 14 பேரில் உலகத் தரவரிசையின் முதல் பத்து இடங்களில் இருந்தவர் ஒருவரும் இல்லை. உலகப் பட்டத்துக்கான சண்டை என்ற பேச்சே எழவில்லை. 2018 மே மாதம் முதல் தொழில்முறைச் சண்டை, 2024 ஆகஸ்டில் பாரிஸ். இடையில் ஆறு ஆண்டுகள். ஒரு ஹெவிவெயிட் வீரருக்கு உடம்பும் வேகமும் சேர்ந்து ஒத்துழைக்கும் வயது அது.

தோற்றுத் தேங்கியவர்கள் குத்துச்சண்டையில் ஏராளம். இவர் ஒருமுறைகூடத் தோற்காமல் தேங்கினார். அதனால்தான் இது விளக்கிச் சொல்ல வேண்டிய கதையாகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அமெச்சூர் குத்துச்சண்டையும் தொழில்முறைக் குத்துச்சண்டையும் ஒரே விளையாட்டின் கீழ்ப்படி, மேல்படி என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அவை ஏறக்குறைய இரண்டு தனி விளையாட்டுகள். ஒலிம்பிக்கில் மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று. ஒன்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒன்பது நிமிடத்தில் வேகமாக, தெளிவாக, நடுவர் கண்ணில் படும்படி குத்த வேண்டும். ஆனால் இரண்டு வாரத்தில் நான்கு பேரை அப்படி வெல்ல வேண்டும். தொழில்முறையில் உலகப் பட்டச் சண்டை என்றால் 12 சுற்று, 36 நிமிடம். எதிராளி ஒருவர்தான், அவருக்காகவே இரண்டு மூன்று மாதம் தயாராகலாம். அமெச்சூரில் இந்த எடைக்கு 12 அவுன்ஸ் கையுறை, தொழில்முறையில் 10 அவுன்ஸ். இரண்டு அவுன்ஸ்தானே என்று தோன்றும். வாங்குகிற தாடைக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

இதைவிடப் பெரிய வேறுபாடு வளர்கிற விதத்தில் இருக்கிறது. அமெச்சூரில் குலுக்கலில் யார் வருகிறாரோ அவரோடு மோதியாக வேண்டும். தொழில்முறையில் எதிராளியைத் தேர்ந்தெடுப்பதே ஒரு கலை. புதிதாக வந்தவருக்கு முதலில் நான்கு சுற்றுச் சண்டை. எதிரே தோற்றுத் தோற்று அனுபவப்பட்டவர் ஒருவர். அப்புறம் ஆறு, எட்டு, பத்து சுற்று. ஒவ்வொரு படியிலும் புதிதாக ஒரு சிக்கலைக் கொடுக்கும் எதிராளியைத் தேடிப் பிடிப்பார்கள். கட்டிப்பிடித்து மூச்சு வாங்க வைப்பவர், விலாவிலேயே குறிவைப்பவர், எவ்வளவு அடித்தாலும் விழாதவர், குள்ளமாக உள்ளே புகுந்து தொல்லை தருபவர் என்று ஒவ்வொருவரும் ஒரு பாடம். இந்தப் படிப்பு முடிய எத்தனை சண்டை நடந்தது என்பதைப் போலவே, எவ்வளவு நெருக்கமாக நடந்தது என்பதும் முக்கியம். ஆறு வாரம், எட்டு வார இடைவெளியில் ரிங்கில் ஏறினால்தான் போன சண்டையில் கற்றது உடம்பில் ஒட்டும்.

ஆண்டனி ஜோஷுவாவின் கணக்கைப் பாருங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே சூப்பர் ஹெவிவெயிட் தங்கம். 2013 அக்டோபரில் முதல் தொழில்முறைச் சண்டை. 2016 ஏப்ரலில் தன் 16ஆவது சண்டையில் சார்லஸ் மார்ட்டினை வீழ்த்தி ஐபிஎஃப் உலகப் பட்டம் (தொழில்முறையில் உலகப் பட்டம் தரும் முக்கிய அமைப்புகள் ஐபிஎஃப், டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, டபிள்யூபிஓ என நான்கு). இரண்டரை ஆண்டில் 16 சண்டை. ஜலோலொவ் ஆறு ஆண்டில் 14. கணக்கு போட்டால் ஆண்டுக்கு இரண்டுக்குச் சற்று மேல் வருகிறது. உலகப் பட்டம் பெற்ற பிறகு ஒரு சாம்பியன் அந்த வேகத்தில் சண்டை போடலாம். கற்றுக்கொள்ள வேண்டிய காலத்தில் அந்த வேகம் போதவே போதாது.

இதற்கான காரணம் அவர் இரண்டு வேலையை ஒரே நேரத்தில் பார்த்தார் என்பதுதான். அந்த வழி அவருக்கு எப்படித் திறந்தது என்பதில்தான் கதையே இருக்கிறது.

ஜலோலொவ் 1994இல் உஸ்பெகிஸ்தானின் தெற்கு ஓரத்தில், ஆப்கானிஸ்தான் எல்லையைத் தொடும் சுர்கான்தர்யா மாகாணத்தில் பிறந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் தன் நாட்டுக் கொடியைத் தூக்கிச் சென்றபோது வயது 22. அந்த ஒலிம்பிக் உஸ்பெக் குத்துச்சண்டைக்குப் பொற்காலம். மூன்று தங்கம், இரண்டு வெள்ளி, இரண்டு வெண்கலம், குத்துச்சண்டைப் பதக்கப் பட்டியலில் முதலிடம். கொடி பிடித்த ஜலோலொவ் மட்டும் காலிறுதியில் பிரிட்டனின் ஜோ ஜாய்ஸிடம் தோற்று வெறுங்கையோடு திரும்பினார். கூட இருந்தவர்கள் கழுத்தில் பதக்கம் தொங்க, கொடி பிடித்தவர் மட்டும் கையை வீசிக்கொண்டு வீடு திரும்புவது எப்படி இருந்திருக்கும் என்று பல முறை யோசித்திருக்கிறேன். பின்னால் அவர் எடுத்த முடிவுகளை எல்லாம் அந்தக் காலிறுதியை வைத்துத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

அதே 2016இல், ரியோவுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஒரு விதி மாறியது. அப்போது உலக அமெச்சூர் குத்துச்சண்டையை நடத்திவந்த அய்பா அமைப்பு, தொழில்முறை வீரர்களும் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளலாம் என்று ஜூன் 1 அன்று வாக்கெடுத்து முடிவு செய்தது. அதுவரை ஒரு வீரர் காசுக்காகச் சண்டை போட ஆரம்பித்துவிட்டால் ஒலிம்பிக் கதவு மூடிவிடும், திரும்ப வழியில்லை. அதனால் எல்லோரும் ஏதாவது ஒரு பக்கம் முடிவெடுத்தே ஆக வேண்டியிருந்தது. புதிய விதி அந்தக் கட்டாயத்தை நீக்கியது. ரியோவில் அதைப் பயன்படுத்தி இறங்கியவர்கள் மூன்றே பேர், மூவருக்கும் பதக்கமில்லை. அந்த விதியை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர் ஜலோலொவ்தான். அதற்கான முழு விலையைக் கொடுத்தவரும் அவர்தான்.

கதவு ஒன்றை மூடியாக வேண்டும் என்ற பழைய விதி எவ்வளவு நல்லது செய்தது என்பதற்கு உக்ரைனின் வாசில் லோமசென்கோவைச் சொல்லலாம். 2008இலும் 2012இலும் தங்கம் வாங்கினார். அப்புறம் அமெச்சூரைத் தலை முழுகிவிட்டு 2013இல் தொழில்முறைக்கு வந்தார். மூன்றாவது சண்டையிலேயே உலகச் சாம்பியன். அவரோடு லண்டனில் தங்கம் வென்ற இன்னொரு உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக், அதே 2013இல் வந்து பத்தாவது சண்டையில், ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள குரூசர்வெயிட் பிரிவில் உலகப் பட்டம் வென்றார். இருவரும் அமெச்சூரில் ஊறியவர்கள்தான், நூற்றுக்கணக்கான சண்டை பார்த்தவர்கள்தான். அவர்களிடம் இருந்ததும் ஜலோலொவிடம் இல்லாததும் ஒரு தெளிவான வெட்டு. இன்றோடு அது முடிந்தது, நாளை முதல் இது என்ற வெட்டு.

உக்ரைன் வரை போக வேண்டியதுகூட இல்லை, அவருடைய சொந்த அணியிலேயே உதாரணம் இருக்கிறது. ரியோவில் வெண்கலம் வென்ற முரோட்ஜோன் அக்மதாலியேவ், ஜலோலொவ் தொழில்முறைக்கு வந்த அதே 2018இல்தான் வந்தார். இருவரும் ஒரே உஸ்பெக் அமெச்சூர் அமைப்பில் வளர்ந்தவர்கள். அக்மதாலியேவ் கலிபோர்னியாவின் இண்டியோ நகரில் ஜோயல் டியாஸிடம் பயிற்சிக்குச் சேர்ந்து அங்கேயே வேர் பிடித்தார். 2020 ஜனவரியில் தன் எட்டாவது சண்டையில் டேனியல் ரோமனை வென்று இரண்டு உலகப் பட்டங்களை ஒரே இரவில் எடுத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. இன்னொரு உஸ்பெக் வீரர் இஸ்ரோயில் மட்ரிமோவும் 2018இல்தான் தொடங்கினார். 2024 மார்ச்சில் டபிள்யூபிஏ பட்டம் வென்றார். ஜலோலொவ் பாரிஸில் ஒலிம்பிக் ரிங்கில் நின்ற அதே ஆகஸ்டில், மட்ரிமோவ் லாஸ் ஏஞ்சலிஸில் டெரன்ஸ் கிராஃபோர்டோடு 12 சுற்று போராடினார். தோற்றார், ஆனால் மிக நெருக்கமான சண்டை அது. தன் காலத்தின் தலைசிறந்த வீரர் ஒருவரோடு மோதித் தன்னை அளந்துகொண்டார். ஜலோலொவுக்கு அந்த அளவுகோல் கிடைக்கவே இல்லை.

அமெச்சூர் நாட்காட்டி அவருடைய ஆண்டுகளை எப்படித் தின்றது என்று பார்ப்போம். 2019 செப்டம்பரில் ரஷ்யாவின் எகாதெரின்பர்கில் உலகச் சாம்பியன்ஷிப். 2020 மார்ச்சில் ஜோர்டானின் அம்மானில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று. அந்தச் சமயத்தில்தான் கொரோனா வந்தது. டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனது. பாரிஸ் என்று முடிவு செய்த பிறகு, 2023 மே மாதம் சொந்த நாட்டுத் தலைநகர் தாஷ்கண்டில் உலகச் சாம்பியன்ஷிப், அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு, அதுவே பாரிஸுக்கான தகுதிச் சுற்றும். இவை வெறும் போட்டி நாட்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தேசிய முகாம் இருக்கிறது. முகாமில் பயிற்சியெல்லாம் மூன்று சுற்றுக்குத்தான். வேகம், வெடிப்பு, உடனடி மீட்சி. அது முடிந்து தொழில்முறைச் சண்டைக்குத் தயாராகும்போது மூச்சைப் பங்குபோட்டுச் செலவழிக்க உடம்பை மறுபடி பழக்க வேண்டும். பழக்கி முடிப்பதற்குள் அடுத்த முகாம் வந்துவிடும். நூறு மீட்டர் ஓட்டக்காரரையும் பத்தாயிரம் மீட்டர் ஓட்டக்காரரையும் ஒரே உடம்புக்குள் வைத்து ஆண்டுக்கு இரண்டு தடவை மாற்றி மாற்றி எழுப்புவது போலத்தான்.

சரி, ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை? வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இது எளிதான கேள்வி. உஸ்பெகிஸ்தானில் ஒலிம்பிக் தங்கம் என்றால் அது வெறும் பதக்கம் இல்லை. அரசு பணம் தரும், கார் தரும், வீடு தரும், நாடே பெயர் சொல்லி அழைக்கும். சோவியத் காலத்திலிருந்து தொடர்ந்து வரும் அமைப்பு அது. சிறுவயதில் திறமையைக் கண்டுபிடித்து, முகாமில் வைத்துச் சோறு போட்டு, உலகத் தரத்துக்கு வளர்த்தெடுக்கும். வளர்த்தவர்களுக்கு வீரர் கடன்பட்டவர் ஆகிறார். மறுபக்கம் அமெரிக்கத் தொழில்முறை உலகமோ ஒரு வெளிநாட்டு ஹெவிவெயிட்டுக்கு ஆரம்பத்தில் தருவது சின்ன அரங்கு, சின்னத் தொகை, யாரும் பார்க்காத சண்டை. கையில் இருப்பது நிச்சயம், அங்கே இருப்பது வாக்குறுதி. நாட்டுக்காக விளையாட வேண்டும் என்ற ஆசையும் உண்மையானதுதான், அதைக் கொச்சைப்படுத்த எனக்கு மனமில்லை. ரியோவின் வெறுங்கையும் கூடவே உறுத்தியிருக்கும். 2018இல் நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் டோக்கியோ வரை காத்திருந்திருப்பேன். டோக்கியோவுக்குப் பிறகு எடுத்த முடிவுதான் எனக்கு வலிக்கிறது.

அதற்கு முன் எகாதெரின்பர்கில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அது அவர் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது, தவறான காரணத்துக்காக. அமெரிக்காவின் ரிச்சர்ட் டோரஸ் ஜூனியருக்கு அப்போது வயது 20. முதல் சுற்றிலேயே ஜலோலொவின் இடது கை விழுந்தது, டோரஸ் நினைவிழந்து சரிந்தார். ஸ்ட்ரெச்சரில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காணொளி பரவியது. ஓராண்டுக்கும் மேலாகத் தொழில்முறையில் எல்லோரையும் நாக்அவுட் செய்துகொண்டிருந்த ஒருவரை அமெச்சூர் இளைஞனோடு மோதவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. டபிள்யூபிசி அமைப்பின் தலைவர் மவுரிசியோ சுலைமான் வெளிப்படையாகக் கண்டித்தார். விதிப்படி ஜலோலொவ் எந்தத் தவறும் செய்யவில்லை. அவரை அங்கே அனுமதித்த விதிதான் பதில் சொல்ல வேண்டியது. ஆனால் கெட்ட பெயர் விதிக்கு ஒட்டாது, மனிதருக்குத்தான் ஒட்டும்.

இதே டபிள்யூபிசி 2016இலேயே எச்சரித்திருந்தது: தன் சாம்பியன்களோ, தரவரிசையில் முதல் 15 இடங்களில் இருப்பவர்களோ ஒலிம்பிக்குக்குப் போனால் இரண்டு ஆண்டு தடை. வீரர்களின் உயிர்ப் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். தரவரிசையில் இல்லாதவருக்கு நேரடியாக இது பொருந்தாது. ஆனால் இரண்டு படகிலும் கால் வைத்திருப்பவரைத் தொழில்முறை அமைப்புகள் எந்தக் கண்ணோடு பார்த்தன என்பது இதில் தெரிகிறது.

டோக்கியோவில் ஜலோலொவ் அரையிறுதியில் பிரிட்டனின் ஃபிரேசர் கிளார்க்கைக் காயத்தால் மூன்றாவது சுற்றில் நிறுத்த வைத்தார். இறுதியில் எதிரே வந்தவர் அதே டோரஸ். இரண்டு ஆண்டுக்கு முன் ஸ்ட்ரெச்சரில் போன பையன் மூன்று சுற்றும் முன்னேறி முன்னேறி வந்து மோதினான். பார்க்க மனம் நிறைந்த சண்டை. ஜலோலொவ் 5-0 என்று வென்றார். கனவு நிறைவேறியது, ரியோவின் கணக்கு தீர்ந்தது. வயது 27. ஜோஷுவாவும் லோமசென்கோவும் செய்தது போல அன்றே அமெச்சூர் கதவை மூடியிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

தோற்ற இருவரும் அதைத்தான் செய்தார்கள். கிளார்க்கும் டோரஸும் 2022இன் தொடக்கத்தில் தொழில்முறைக்கு வந்தார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. கிளார்க் 2024 மார்ச்சில் ஃபேபியோ வார்ட்லியோடு பிரிட்டிஷ் பட்டத்துக்காக மோதி சமன் செய்தார். லண்டன் ஓ2 அரங்கில் 12 சுற்றும் ரத்தமும் வியர்வையுமாக நடந்த சண்டை அது. டோக்கியோவில் ஜலோலொவ் எளிதாக அடக்கிய ஆள், அவர் இன்னும் கண்ணால் பார்க்காத ஆழத்துக்குள் இறங்கிவிட்டு வந்துவிட்டார். டோரஸுக்குப் பின்னால் டாப் ரேங்க் என்ற பெரிய நிறுவனம் நின்றது, தொலைக்காட்சி நின்றது, படிப்படியாக ஏற்றிவிட ஆள் இருந்தது.

இங்கேதான் வியாபாரம் உள்ளே வருகிறது. சண்டைகளை ஏற்பாடு செய்து நடத்தும் ஒரு புரோமோட்டர் இளம் ஹெவிவெயிட் ஒருவரை வளர்ப்பது நீண்டகால முதலீடு. ஆரம்பச் சண்டைகளில் கைக்காசு போடுவார், எதிராளிக்கும் அவரே கொடுப்பார், நான்கு ஐந்து ஆண்டு கழித்து ஒரு பெரிய சண்டையில் எல்லாவற்றையும் எடுப்பார். அதற்கு அந்த வீரர் எப்போதும் கையில் இருக்க வேண்டும். திடீரென்று ஒரு தேதி காலியாகும், யாராவது காயத்தால் விலகுவார், அந்த இடத்தில் நிறுத்த ஆள் தயாராக இருக்க வேண்டும். ஆண்டில் பாதி நாள் தேசிய முகாமில் இருப்பவரை எப்படி நம்பித் திட்டம் போடுவது? ஒலிம்பிக் வரப்போகிறது என்றால் காயம் படக்கூடிய கடினமான எதிராளியையும் யாரும் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும் வீரர் தரப்பு ஒத்துக்கொள்ளாது. ஆகவே இலகுவான எதிராளி, சீக்கிரம் நாக்அவுட், மறுபடி முகாம். 14 நாக்அவுட் என்ற அந்தப் பளபளப்பான எண்ணே தேக்கத்தின் அடையாளமும்தான். நன்றாக வளர்க்கப்பட்ட வீரருக்கு இடையில் ஒன்றிரண்டு முழு நீளச் சண்டை இருக்கும், புள்ளிக் கணக்கில் வென்ற கசப்பான இரவுகள் இருக்கும்.

எதிர்ப்பக்கத்துக் கணக்கும் இதே அளவு கொடியது. தரவரிசையில் ஐந்தாவதோ ஆறாவதோ இருக்கும் வீரரின் மேலாளர் ஜலோலொவைப் பார்த்தால் என்ன நினைப்பார்? இரண்டு மீட்டர் உயரம், இடக்கை, ஒரே குத்தில் படுக்க வைக்கும் கை. தோற்க வாய்ப்பு அதிகம். ஜெயித்தால் என்ன கிடைக்கும்? அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ அவருக்கு டிக்கெட் வாங்கும் கூட்டம் இல்லை, பெரிய தொலைக்காட்சி இல்லை, கையில் பெல்ட் இல்லை. ஆபத்து மலையளவு, ஆதாயம் கடுகளவு. இப்படிப்பட்டவரை மற்றவர்கள் சுற்றிப் போவது தொழில்முறையில் பழைய வழக்கம். இதை உடைக்க ஒரே வழி, தரவரிசையில் ஏறி ஏறிக் கட்டாயச் சவால்காரர் என்ற இடத்தைப் பிடிப்பது. அந்த இடத்தில் இருப்பவரைச் சாம்பியன் தவிர்க்க முடியாது. அதற்குத் தொடர்ந்து, தரவரிசையில் இருப்பவர்களோடு சண்டை போட வேண்டும். அமெச்சூர் நாட்காட்டி அனுமதிக்காதது அதைத்தான். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

அவருடைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் வருத்தமே அங்கிருந்துதான் வருகிறது. இவ்வளவு பெரிய உடம்பில் இவ்வளவு இலகுவான கால்களை அடிக்கடி பார்க்க முடியாது. வலது கையைத் தாழ்வாக, சோம்பலாகத் தொங்கவிட்டபடி எதிராளியின் தூரத்தை அளப்பார். எதிராளி ஒரு அடி எடுத்து வைத்ததும் தலையைப் பின்னால் சாய்ப்பார், குத்து காற்றில் போகும். போன குத்து திரும்புவதற்குள் நேரான இடது கை வந்து இறங்கியிருக்கும். அவசரமே இருக்காது. இடக்கை ஆட்டக்காரரின் இடது கை, வலக்கைக்காரர் எதிர்பார்க்காத கோணத்தில் வருகிறது. அதோடு இந்த உயரமும் சேர்ந்தால் குத்து மேலிருந்து விழுகிறது. 2022இல் பெல்ஜியத்தின் ஜாக் முலோவாயி எட்டாவது சுற்று வரை தாக்குப்பிடித்தார். அதை நான் ஆவலோடு பார்த்தேன், ஏனென்றால் நீளமான சண்டையில் இவர் எப்படி இருப்பார் என்று தெரிந்துகொள்ள அப்படிப்பட்ட வாய்ப்புகள் மிகக் குறைவு. கடைசியில் அதுவும் நாக்அவுட்டில்தான் முடிந்தது.

ஆனால் விடை தெரியாத கேள்விகளும் அதே ஆட்டத்தில் இருக்கின்றன. கையைத் தாழ்த்தித் தலையைப் பின்னால் சாய்க்கும் பழக்கம் அமெச்சூரில் அழகு. பத்தாவது சுற்றில் கால் கனத்துப்போன பிறகு அதே பழக்கம் தாடையைத் திறந்து வைக்கும். உள்ளே புகுந்து கட்டிப்பிடித்து, உடம்பின் எடையைக் கழுத்தில் சாய்த்து, விலாவில் சின்னச் சின்னதாகக் குத்தும் ஆள் வந்தால் என்ன செய்வார்? நல்ல அடி ஒன்றை வாங்கித் தடுமாறினால் எப்படி மீள்வார்? இதற்கெல்லாம் பயிற்சிக் கூடத்தில் பதில் கிடைக்காது. இந்தப் பதில்கள் 24, 25 வயதில் தெரிந்துவிட்டால் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். முப்பதுக்கு மேல், பெரிய மேடையில், பெரிய எதிராளியின் முன்னால்தான் முதல் முறையாகத் தெரிய வரும் என்றால் அது கொடுமை. ரியோவில் இதே பிரிவில் வென்ற தங்கப் பதக்கத்தோடு வந்த பிரான்சின் டோனி யோகாவுக்கு அதுதான் நடந்தது. 2022 மேயில் மார்ட்டின் பகோலே பாரிஸிலேயே அவருக்கு அந்தப் பதிலைக் காட்டினார். அதற்குப் பின் கார்லோஸ் டகாமிடமும் ரியாட் மெர்ஹியிடமும் தோல்வி.

கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சனும் ஃபெலிக்ஸ் சவோனும் ஆளுக்கு மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்று, தொழில்முறைக்கு வராமலே ஓய்வு பெற்றவர்கள். அவர்களை யாரும் தேங்கியவர்கள் என்று சொல்வதில்லை. அப்போது அவர்கள் நாட்டில் தொழில்முறைக்கே தடை, அவர்கள் தேர்ந்தெடுத்த பாதை ஒன்றே, அதில் உச்சத்துக்குப் போனார்கள். ஜலோலொவையும் அப்படிப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அமெச்சூரில் அவர் செய்தது சாதாரணம் இல்லைதான். சூப்பர் ஹெவிவெயிட் பிரிவு 1984இல் ஒலிம்பிக்குக்கு வந்ததிலிருந்து லெனாக்ஸ் லூயிஸ், விளாடிமிர் கிளிச்கோ, ஜோஷுவா என்று எத்தனையோ பெரியவர்கள் அதில் தங்கம் வென்றிருக்கிறார்கள். இரண்டு முறை வென்றவர் ஜலோலொவ் ஒருவரே. ஆனால் லூயிஸும் கிளிச்கோவும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டதால்தான் இரண்டாவது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதோடு, கியூபர்களுக்கு இல்லாத வாய்ப்பு இவருக்கு இருந்தது. உலகச் சாம்பியன் ஆவேன் என்று அவரே தொழில்முறைக்குள் நுழைந்தார். அவர் வைத்த இலக்கை வைத்துத்தான் நான் அளக்கிறேன்.

நம்பிக்கைக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. ஹெவிவெயிட் பிரிவு வயதைக் கொஞ்சம் மன்னிக்கும். ஜார்ஜ் ஃபோர்மன் 1994இல் 45 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். சீனாவின் ஜாங் ஜிலெய் இன்னும் நெருக்கமான உதாரணம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர், உயரமான இடக்கைக்காரர், அவரும் அரசு அமைப்பில் வளர்ந்தவர். 31 வயதில்தான் தொழில்முறைக்கு வந்தார். ஆண்டுக்கணக்கில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2023 ஏப்ரலில், 40ஐத் தொடச் சில வாரமே இருக்கும்போது, லண்டனில் ஜோ ஜாய்ஸை ஆறாவது சுற்றில் நிறுத்தி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். கனமான கைக்கு வயது தாமதமாகத்தான் வரும்.

ஜோ ஜாய்ஸ் என்ற பெயர் மறுபடி வருகிறது, பாருங்கள். ரியோ காலிறுதியில் ஜலோலொவை வென்றவர் அவர். வெள்ளியோடு ஊர் திரும்பி, 2017 அக்டோபரில் 32 வயதில் தொழில்முறைக்கு வந்தார். மூன்றே ஆண்டில், 2020 நவம்பரில், டேனியல் டுபுவாவைப் பத்தாவது சுற்றில் நிறுத்தினார். 2022 செப்டம்பரில் ஜோசப் பார்க்கரை வீழ்த்தி டபிள்யூபிஓ இடைக்காலப் பட்டம் வென்றார். 2023இல் ஜாங்கிடம் இரண்டு முறை தோற்றார். 2024 ஜூலை 27 அன்று ஓ2 அரங்கில் டெரெக் சிசோராவிடம் புள்ளிக் கணக்கில் தோற்றபோது அவருக்கு 38 வயது, கால்கள் நகரவே மறுத்தன.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 10 இரவு, பாரிஸின் ரோலண்ட் கேரோஸ் அரங்கில் ஜலோலொவ் ஸ்பெயினின் அயூப் கட்ஃபாவை 5-0 என்று வென்று இரண்டாவது தங்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். உஸ்பெகிஸ்தானுக்கு அந்த ஒலிம்பிக்கின் ஐந்தாவது குத்துச்சண்டைத் தங்கம் அது. ஜாய்ஸின் ஏற்றமும் உச்சமும் சரிவும் ரியோவுக்கும் பாரிஸுக்கும் இடையில் நடந்து முடிந்திருந்தன. ஜலோலொவ் இன்னும் தன் 15ஆவது சண்டைக்குக் காத்திருந்தார்.